புல் முளைக்காத குழிகளுக்குக் கணக்குக் கேட்போம்



அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் நாம் ஒருமுறையாவது நம் ஏற்காட்டு மலையின் அடிவாரத்துக்கு இறங்கி மண் எடுத்துவர வேண்டும். மிளகுக்கொடி கட்டுகிற வேலை கிடக்கிறது, காப்பியில் களை கிடக்கிறது, பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை வருகிறது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இலைமேல் தூசியாகப் படிந்திருக்கிற சாட்சி பாதி கழுவிப்போகும், அடிவாரக் காட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைக் காட்டுகிறேன். போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒன்றில் நம் வெள்ளக்கடைக் காப்பிக்காட்டில், பலா நிழலில் எடுத்த மண்கட்டி ஒன்றைப் போட்டேன். கோலிக்குண்டு அளவுதான். அடியில் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வந்தது. கட்டி அப்படியே இருந்தது, தண்ணீரும் தெளிவாக இருந்தது. இரண்டாவது டம்ளரில் போட்டது அடிவாரத்துக் கட்டி. அங்கே வெள்ளைக்கல் சுரங்கத்தின் கழிவு மேட்டை ஒட்டி எங்கள் அக்காவுக்கு முக்கால் ஏக்கர் மானாவாரி இருக்கிறது. கையில் பிடித்தபோது செங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது. தண்ணீரில் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஓரம் கரைந்தது, பிறகு மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது. டம்ளர் முழுக்க அரிசி களைந்த கழுநீர் போல ஆகிவிட்டது. மறுநாள் காலையில் காப்பித்தண்ணியோடு வந்து உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் தெளியவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதைத்தான தம்பி நானும் வருசக் கணக்கா சொல்றேன். மழ பெஞ்சா தண்ணி கீழ எறங்க மாட்டேங்குது, மேலயே நிக்கிது. ரெண்டு நாள் வெயில் அடிச்சா தரை பாளம் பாளமா வெடிக்கிது. கம்பு போட்டா மொளைக்கத்தான் செய்யுது, ஒரு சாண் வந்ததும் மஞ்சக் கட்டி நின்னுக்குது. நீங்க மலைக்காரங்க, உங்களுக்கென்ன" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரையும் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தண்ணீர் இறங்காமல் நிற்பதும், தரை பாளமாக வெடிப்பதும், பயிர் மஞ்சள் கட்டுவதும் மண் படித்தவர்கள் நன்றாக அறிந்த அடையாளங்கள். களிமண் துகள்களைக் கைகோத்து நிற்கவைப்பது சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம். அது இருக்க வேண்டிய இடத்தில் மக்னீசியம் அளவுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஈரத்தில் மண் குழம்பும், காய்ந்தால் இறுகும். நாம் வெள்ளைக்கல் என்று சொல்கிற மேக்னசைட் முழுக்க மக்னீசியம் கார்பனேட்தான். அதைச் சூளையில் சுட்டால் வருவது மக்னீசியம் ஆக்சைடு. காரம் இன்னும் கூடியது. மண்ணின் கார அமில நிலை 6-லிருந்து 7.5 வரை இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஒத்துவரும். 8.5-ஐத் தாண்டிவிட்டால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் மண்ணிலேயே இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளாவது அதனால்தான். யூரியா போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அக்கா போட்டுப் பார்த்துவிட்டார், கடன்தான் மிச்சம்.

ஏற்காட்டின் லேடிஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்தவர்களுக்கு அடிவாரக் கரடுகளின் வெள்ளைத் தழும்புகள் தெரிந்திருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். சுண்ணக்கட்டி போல வெளுத்துக் கிடந்ததால் வந்த பெயர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் 1896-லேயே இந்தக் கரடுகளின் பாறையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டுகிறார்கள். செங்கரடு, மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி, குரும்பப்பட்டி என்று நமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் அந்தக் குழிகளைச் சுற்றித்தான் இருக்கின்றன. 100 கிலோ வெள்ளைக்கல்லைச் சுட்டால் கையில் நிற்பது சுமார் 48 கிலோ. மீதி 52 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சுட்ட கல் இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல்லாகிறது. நாட்டின் பெரிய உருக்காலைகளின் உலைகளுக்குள் சேலத்துக் கல் நின்று எரிந்திருக்கிறது. அந்தப் பெருமை சேலத்துக்கு உண்டு, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லை உடைக்கிற இடத்தில், சலிக்கிற இடத்தில், சூளை வாயில், லாரி போகிற மண்பாதையில் எழுந்த தூசி எங்கே போய் உட்கார்ந்தது என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

இலையில் போய் உட்கார்ந்தது. அடிவாரத்தில் சுரங்கப் பாதை ஓரமாக நிற்கிற புங்கமரம் ஒன்றில் இலை பறித்துப் பாருங்கள். நான் பறித்தேன். மேல்பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. ஊதினால் கொஞ்சம் பறந்தது, விரலால் தேய்த்தால் கொஞ்சம் வந்தது. அதற்கு அடியில் நகத்தால் சுரண்டினாலும் வராத ஒரு படலம் இருந்தது. இரவில் பனி விழும்போது சுட்ட கல்லின் தூசி ஈரத்தைக் குடித்துக்கொண்டு காலை வெயிலில் இறுகிப்போகும். அதற்குப் பிறகு அது தூசி இல்லை, பூச்சு. வெயில் இலைக்குள் போவது குறைகிறது. இலை மூச்சுவிடுகிற துளைகள் அடைபடுகின்றன. நீராவி வெளியேற வழி குறைவதால் இலை சூடேறுகிறது. பூவின் சூல்முடியில் அதே தூசி படிந்தால் மகரந்தம் ஒட்டாது. புளியமரம் நன்றாகப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர் சொன்னபோது அவர் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கொத்து இலை இருந்தது, அதைக் காட்டினேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்த மரங்கள் இன்று காட்டு மரங்கள் இல்லை, ஊர் மரங்கள். சேலம் மாநகரம் சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்துவிட்டது. வீட்டுமனை போட்டு, வாசலில் வேம்பும் புங்கமும் வைத்து, பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டுக் குடியிருக்கிறார்கள். மாடியில் துணி காயப்போட்டால் வெளுத்துப்போகிறது என்று சொல்கிற அதே வீட்டில்தான் கறிவேப்பிலைச் செடி ஏன் தழையவில்லை என்றும் கேட்கிறார்கள்.

நம் ஊர்ப் பலாமரத்தின் அடிமரத்தைப் பாருங்கள். சாம்பலும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறதே, லைக்கன், குழம்பில் போடுகிற கல்பாசியின் சொந்தம். அதற்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொடுப்பதை மட்டும் சாப்பிட்டு வாழ்கிறது. அதனால் காற்று கெட்டால் முதலில் சாவது அதுதான். அடுத்தமுறை பேருந்தில் இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சன்னல் ஓரம் உட்கார்ந்து மரங்களைக் கவனியுங்கள். கீழே போகப் போக அது மெலிந்துகொண்டே வரும். ஈரமும் குளிரும் குறைவது ஒரு காரணம் என்பது உண்மை, எல்லாவற்றையும் தூசியின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் கொடைக்கானலில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்ட பிறகு, பாதரசம் எவ்வளவு தூரம் பரவியது என்று தேடிய இந்திய அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரத்துப் பாசியிலும் லைக்கனிலும்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆலை கணக்குக் காட்டாததை மரப்பட்டை காட்டியது. நம் மரங்களிடமும் அப்படிக் கேட்கலாம். கேட்கப் போவோம் என்கிறேன்.

நாம் கேள்வி கேட்கப் போனால் ஒரு பதில் தயாராக வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். "அந்தக் கரட்டில் எப்போதும் ஒன்றும் முளைத்ததில்லை. பாறையே அப்படி" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அங்கே இருக்கிற டியூனைட் வகைப் பாறையில் மக்னீசியம் நிறைய, கால்சியம் குறைவு. நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே கூடுதல். அப்படிப்பட்ட மண்ணில் அடர்ந்த காடு வராது, முள்ளும் புதரும் புல்லும்தான் வரும். ஆனால் அந்தப் புல்லும் புதரும் அந்த மண்ணுக்கென்றே காலகாலமாகப் பழகி நின்றவை. ஆடு மேய்ந்தது அதில்தான். பாறை தானாக மக்கி மண்ணாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அந்த வேகத்தில் செடியும் தன்னை மாற்றிக்கொள்ளும். பாறையை உடைத்து, சுட்டு, மாவாக்கி, அடுத்தவன் வயலின் மேல் ஒரே தலைமுறைக்குள் தூவினால் எந்தச் செடி தாங்கும்? அக்காவின் முக்கால் ஏக்கர் கரட்டின் மேல் இல்லை, அதற்கு வெளியே செவ்வல் காட்டில் இருக்கிறது. அங்கே அவருடைய மாமியார் காலத்தில் நிலக்கடலை எடுத்திருக்கிறார்கள்.

இது சேலத்தில் மட்டும் நடந்ததில்லை. ஸ்லோவாக்கியா நாட்டில் யெல்ஷாவா, லுபெனிக் என்று இரண்டு ஊர்கள். நம்மைப் போலவே மேக்னசைட் தோண்டிச் சுட்ட ஊர்கள். பல பத்தாண்டுகள் சரியான வடிகட்டி இல்லாமல் சூளை எரிந்ததில் நிலத்தின் மேல் கான்கிரீட் போட்டதுபோல ஓடு கட்டிக்கொண்டது. பழைய புல்வெளி போய், உப்புத் தரையைத் தாங்குகிற ஒன்றிரண்டு புல்வகைகள் மட்டும் அங்கங்கே தலைகாட்டின. பிறகு வடிகட்டிகள் வந்தன, தூசி குறைந்தது. ஆனால் காற்று தெளிந்த அதே வேகத்தில் மண் தெளியவில்லை. அதை மனதில் வையுங்கள். "இப்போதெல்லாம் முன்ன மாதிரி தூசி இல்லையே" என்று அடிவாரத்திலேயே சிலர் சொல்வார்கள். இருக்கலாம். மண்ணுக்குள் போனது மண்ணுக்குள்தான் இருக்கிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன். மலைக்காரங்க, உங்களுக்கென்ன என்று அக்கா கேட்டாரே.

நம் சேர்வராயன் மலையின் தலைமேல் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் மால்கோ ஆலை 1965-ல் அலுமினியம் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டு மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அதற்கு லாரி லாரியாகச் செம்பாறை போனது. சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் குடியிருக்கிற அந்த உச்சி மேட்டைச் சுற்றிப் பெரியவர்களோடு நடந்து பாருங்கள், பழைய வெட்டுக் குழிகளைக் காட்டுவார்கள். அந்தச் செம்பாறை மேடு ஒரு பஞ்சு. பெய்கிற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தை மாசி வரைக்கும் ஊற்றுகளில் சொட்டுச் சொட்டாக விடும். மேல்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால் மழை விழுந்த நேரத்திலேயே ஓடிவிடும், போகும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். 1 டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட் வேண்டும். 1 டன் அலுமினா எடுத்தால் 1 டன்னுக்குக் குறையாமல் காஸ்டிக் சோடா ஊறிய செஞ்சேறு மிஞ்சும். நம் மலையின் மண் மேட்டூரில் காவிரிக்குப் பக்கத்தில் அப்படிச் சேறாகக் குவிந்து கிடக்கிறது. அதன்மேல் அப்படியே விதை போட்டால் முளைப்பது அரிது. ஹங்கேரியின் அய்க்கா என்ற ஊரில் 2010 அக்டோபர் 4-ல் இதே வகைச் சேற்றைத் தேக்கிய கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள், வயல்களின் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டிவந்தது.

2007-ல் நார்வே நாட்டு ஓய்வூதிய நிதியின் நெறிமுறைக் குழு, மால்கோவின் உரிமையாளரான வேதாந்தாவில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னது. அதற்கு அடுக்கிய காரணங்களில் மால்கோவின் பாக்சைட் சுரங்கமும் மேட்டூர்ச் சேறும் இருந்தன. எங்கோ பனி நாட்டில் இருக்கிறவர்கள் நம் பக்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார்கள், வெள்ளக்கடையில் உட்கார்ந்திருந்த நமக்கு அது தெரியாது. எதிர்ப்பும் வழக்கும் வலுத்து 2008-ன் இறுதியில் மலைமேல் தோண்டுவது நின்றது. நின்றது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனோம். குழியை மூடியது யார், மேல்மண்ணைத் திருப்பிப் போட்டது யார், என்ன மரம் வைத்தார்கள், அது பிழைத்ததா என்று நம் பஞ்சாயத்தில் ஒருநாளாவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை. இந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இதே வேதாந்தா ஒடிசாவில் நியம்கிரி மலையின் உச்சியில் பாக்சைட் கேட்டது. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. டோங்ரியா கோந்த் மக்கள் 12 கிராமங்களில் கூடினார்கள். மழைக்காலம், போலீஸ் காவல், நீதிபதி முன்னிலை. 12 சபையும் வேண்டாம் என்றது. ஒரு சபைகூடத் தடுமாறவில்லை. அங்கே இருந்தவர்கள் நம்மைவிடப் படித்தவர்கள் இல்லை, நம்மைவிட வசதியானவர்களும் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளுக்கான சட்டத்தின் பாதுகாப்பு நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் 2006-ன் வன உரிமைச் சட்டம் நமக்கும் உண்டு, கிராம சபையும் நமக்கு உண்டு. கிராம சபை என்றால் 100 நாள் வேலைக் கையெழுத்தும் தெருவிளக்கும் என்று நாமே அதைச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

நம் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரின் கதையும் இதேதான். மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழையும்வரை ஆறு. நகருக்குள் சாயப்பட்டறை நீரும், கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி கழுவிய அமிலமும், சேகோ ஆலைக் கழிவும், ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துவிடுகின்றன. நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேரும்வரை வழியெல்லாம் தென்னைக்குப் பாய்வது அந்த நீர்தான். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்றைக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொள்வோம்.

சுரங்கத்திலும் சூளையிலும் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, "எங்க பொழப்புல மண்ணப் போட வந்துட்டாங்க" என்று நினைக்காதீர்கள். தூசியை முதலில் தின்றவர்கள் நீங்கள். சூளைத் தீயின் முன்னால் நின்று, வேட்டி நுனியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். உரிமப் பிரச்சினை, அனுமதிப் பிரச்சினை என்று சுரங்கம் மூடிய மாதங்களில் கூலியில்லாமல் நின்றவர்களும் நீங்கள்தான். கழிவு மேட்டைச் சரிவு குறைத்துப் படி வெட்டுவது, மேல்மண் பரப்புவது, மட்கு போடுவது, புல் பிடிக்க வைப்பது எல்லாம் பல வருசத்து வேலை. அந்த வேலை முதலில் உங்களுக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்தே நாங்கள் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதப்போகிறோம். எங்களோடு வந்து உட்காருங்கள், எந்த இடத்தில் என்ன கொட்டினார்கள் என்று உங்களைவிட யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இங்கே முதலாளி யாரோ முகம் தெரியாதவர் மட்டும் இல்லை. வெள்ளைக்கல் நிறுவனமான டான்மேக் 1979 முதல் தமிழ்நாடு அரசினுடையது. அதே தொழில் செய்த பர்ன் ஸ்டாண்டர்டின் சேலம் பிரிவு 2011-ல் செயில் கைக்கு, அதாவது மத்தியப் பொதுத்துறைக்கு, மாறியது. நம் ஓட்டில் நிற்கிற அரசுகள். தனியார் சுரங்கமும் இருக்கிறது, அதற்கும் அனுமதி கொடுத்தது அதே அரசுகள்தான்.

நம் கையில் இருக்கிற கைப்பிடி இதுதான். 2020 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சுரங்கம் எடுத்தவர்கள் வேலை முடிந்ததும் அந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும், கால்நடைக்குத் தீவனமும் செடிகொடியும் உயிர்களும் வாழத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்றது. செலவு சுரங்கக்காரருடையது. புல் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து மீட்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்று கனிமப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. சுரங்கத்தை எப்படி மூடப்போகிறோம் என்ற திட்டத்தை எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாள் எங்கே? இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 2015 முதல் குத்தகைக்காரர்கள் உரிமத்தொகைக்கு மேல் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். பழைய குத்தகையென்றால் உரிமத்தொகையில் 30 சதவீதம் வரை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களின் குடிநீருக்கும் உடல்நலத்துக்கும் மாசுத் தடுப்புக்கும் முதலில் செலவழிக்க வேண்டிய பணம் அது. சேலம் மாவட்டத்தில் அது எந்தெந்த ஊருக்கு எதற்காகப் போனது என்ற பட்டியலைக் கேட்போம். அக்காவின் மண்ணைச் சோதிக்க அதிலிருந்து ஒரு ரூபாய் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்ப்போம்.

ஆனால் வெறும் கையோடு போனால், "ஆதாரம் என்ன" என்ற ஒரே கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுவார்கள். ஆகையால் மண் எடுக்கிறோம். எப்படி எடுப்பது என்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும், தப்பாக எடுத்த மண் எதிரிக்குத்தான் உதவும். கழிவு மேட்டின் ஓரத்தில் ஒரு காடு, அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒன்று, ஒரு கிலோமீட்டரில் ஒன்று, இரண்டு கிலோமீட்டரில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க, அதே செவ்வல் வகையில் தூசி எட்டாத தூரத்துக் காடு ஒன்றும் வேண்டும்; நம் மலை மண் வேறு சாதி, அதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கேலி செய்வார்கள். ஒவ்வொரு காட்டிலும் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்துப்போல அரை அடி ஆழம் வெட்டி, ஓரத்தில் ஒரு சீவல் மண் எடுக்க வேண்டும். வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் வேண்டாம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். இரும்புச் சத்தும் பார்க்கப்போவதால் இரும்புச் சட்டியில் போடாதீர்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, நில உரிமையாளர் பெயர், சர்வே எண், தேதி, என்ன பயிர், எல்லாம் எழுதி உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஒரு பங்கு மண்பரிசோதனை நிலையத்துக்கு, ஒரு பங்கு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு, மூன்றாவது பங்கு நம்மிடம். கார அமில நிலையும் உப்பும் மட்டும் போதாது. கால்சியம், மக்னீசியம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மண் வள அட்டையில் அந்த இரண்டும் இருக்காது, அதனால் கடிதம் கொடுத்தே கேட்போம். இலையும் எடுப்போம், ஒரே உயரம், ஒரே மர வகை, புங்கம்.

மண் முடிவு வர அக்டோபர் 2 தாண்டலாம். பரவாயில்லை. அன்றைக்கு நம் வெள்ளக்கடை சபையில் தீர்மானம் போடுவோம்: மலைமேல் பழைய பாக்சைட் குழிகளின் மீட்பு நிலை என்ன என்று வருவாய்த் துறையும் கனிமத் துறையும் எழுத்தில் சொல்ல வேண்டும், புல் வைக்காத குழிக்குப் புல் வைக்க வேண்டும், இனி இந்த மலையில் புதுக் குத்தகை எதற்கும் சபையைக் கேட்காமல் கையெழுத்து விழக் கூடாது. அதே நாளில் அடிவாரப் பஞ்சாயத்துகளில் வெள்ளைக்கல் குழிகளுக்கு இதே கேள்வி, மீட்பு வேலை முதலில் அங்கே உழைத்தவர்களுக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்து. மாநகராட்சிக்குள் போய்விட்ட இடங்களில் நவம்பர் 1 பகுதி சபையில் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் வாயால் "பார்க்கலாம்" என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். எண் போட்டு எழுதி, கையெழுத்து வைத்து, நகல் கையில் வாங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள். ஆடு மேய்ப்பவர்களும் வாருங்கள், எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது, எந்த வருசம் காணாமல் போனது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம்.

பள்ளிப் பிள்ளைகளை மண் எடுக்க அழைத்து வரலாமா என்று சிலர் கேட்டார்கள். சுரங்க ஓரத்துக்கு வேண்டாம், குழி ஓரம் சரியும். அவர்களுக்கு மேலேயே வேலை இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பத்து மரத்தில் லைக்கன் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று அளந்து குறித்து வரட்டும்.

ஞாயிறு காலை முதல் பேருந்துக்கு நிற்போம். அடிவாரத்தில் இறங்கியதும் அக்கா வீட்டில் கூழ் இருக்கும், சொல்லிவிட்டேன். வாளியும் களைக்கொட்டும் நான் கொண்டுவருகிறேன். துணிப்பை ஆளுக்கு நாலு நீங்கள் தைத்துக்கொண்டு வாருங்கள், பழைய வேட்டித் துணி போதும். சீட்டு எழுதப் பேனா வேண்டாம், நனைந்தால் அழியும். பென்சில் எடுத்து வாருங்கள்.